கீசர் உறுமினால் தண்ணீரைப் பாருங்கள்

சாரல் தொடங்கிவிட்டால், குற்றாலத்தில் அறை கேட்டு வருகிறவர்கள் வாடகைக்கு அடுத்தபடியாக விசாரிப்பது வெந்நீர் உண்டா என்றுதான். ஐந்தருவியில் நின்று நடுங்கி வருகிற குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அது தேவைதான். கேஸ் கீசர் வைத்திருக்கும் விடுதிகளிலும் தென்காசி வீடுகளிலும் அது உறுமவோ கடகடக்கவோ ஆரம்பித்தால் உடனே பழி கேஸ் மேல் விழுகிறது. சிலிண்டரை மாற்றுகிறார்கள், ரெகுலேட்டரை மாற்றுகிறார்கள், சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை என்பது என் கருத்து. நீச்சல் குளத்தைச் சூடாக்கும் பெரிய கேஸ் ஹீட்டருக்கும் இது பொருந்தும். அதிலும் அடியில் தீ, மேலே உலோகக் குழாய், அதற்குள் ஓடும் தண்ணீர் என்பதுதான் அமைப்பு.

உலை கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கிறதே, அதைக் கவனியுங்கள். குழாயின் உட்புறத்தில் உப்புப் பிடித்தால் தீயின் சூடு தண்ணீருக்குச் சீராகப் போய்ச் சேராது. செம்பு கடத்தும் வெப்பத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட அந்தப் படிவு கடத்துவதில்லை. உலோகம் அளவுக்கு மீறிக் காய்கிறது. அதைத் தொட்டு நிற்கும் தண்ணீர் அங்கேயே கொதித்து நீராவிக் குமிழிகளாகி, பக்கத்தில் ஓடும் குளிர்ந்த நீர் பட்டதும் உடைகிறது. ஆயிரக்கணக்கான குமிழிகள் இப்படி உடைவதுதான் அந்த உறுமல். சோதித்துப் பார்ப்பதும் எளிது. வெந்நீர்க் குழாயை முழுதாகத் திறந்தால் சத்தம் குறைகிறதா? குழாயை மூடித் தீ அணைந்த பிறகும் சில வினாடிகள் உள்ளே படபடக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் கோளாறு தண்ணீர்ப் பக்கம்தான். தீயே இல்லாதபோது சத்தம் போட கேஸுக்கு வழியில்லை.

மலையிலிருந்து இறங்கும் சிற்றாற்றுத் தண்ணீரில் உப்பு ஏது என்று ஊர்க்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பாறை மேல் ஓடிவரும் மழைநீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. ஆனால் கீசருக்குள் போவது அருவித் தண்ணீரா என்று பார்க்க வேண்டும். அருவி வற்றிய மாதங்களில் தொட்டியை நிரப்புவது பெரும்பாலும் போர்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோதான். பழைய நெல்லைச் சீமையின் நிலத்தடியில் சுண்ணாம்பு இருப்பது புதிய செய்தி அல்ல. தாழையூத்தில் 1949-லேயே சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியது அந்தக் கல்லை நம்பித்தான். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை வரை ஏற்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை விடுகிறது. குடிக்கத் தகுந்த அந்த நீரே கீசர் குழாய்க்குள் கல்லாகப் படியும். சீசன் நேரத்துத் தண்ணீர் வேறு விதத்தில் தொல்லை தரும். ஆற்றில் வெள்ளம் புரளும்போது வரும் பொடிமணல், கீசரின் நுழைவாயில் வலையை அடைத்துவிடும். வரத்து குறைந்தால் உப்பே இல்லாத குழாயும் உறுமும். அந்த வலையைக் கழற்றிக் கழுவப் பத்து நிமிடம் போதும்.

கேஸால் வரும் சத்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பற்றும்போது ‘டம்’ என்று அதிர்ந்தால், பொறி விழுவதற்குள் கேஸ் தேங்குகிறது என்று பொருள். பேட்டரி தளர்ந்திருக்கலாம், பர்னர் அடைத்திருக்கலாம். சீட்டி அடிப்பது போல் வந்தால் ரெகுலேட்டர், ஜெட் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். ஆனால் உயிரைப் பறிக்கிற கோளாறு சத்தமே போடாது. சாரல் காற்று குளிர்கிறது என்று குளியலறை ஜன்னலை அடைக்கிறோம். எரிவதற்குப் போதிய காற்று இல்லாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாவதும், குளிக்கும்போது தலை வலிப்பதும், கிறுகிறுப்பதும்தான் எச்சரிக்கை.

“வெந்நீர் வருகிறது, சத்தம் இருந்தால் என்ன?” என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. உறுமுகிற கீசர் அதே வெந்நீருக்குக் கூடுதல் கேஸ் குடிக்கிறது. காய்ந்து காய்ந்து செம்புக் குழாய் ஒருநாள் ஓட்டை விழுகிறது. கழிப்பறை கழுவும் ஆசிடை ஊற்றிச் சரிசெய்யலாம் என்பது அதைவிடக் கெடுதல். உப்போடு சேர்த்துப் பற்றவைப்பையும் அது அரித்துவிடும். சிட்ரிக் அமிலக் கரைசலை உள்ளே சுற்றவிட்டு, நல்ல தண்ணீரால் அலசுவதே முறை. விடுதி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மே மாதத்துக்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள். கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான சுவரில் மாட்டி, குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள்.