எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?
அமெரிக்காவில் பத்துக் கோடி டாலரை விழுங்கிய கம்ப்யூட்டர்

"யந்திரம் தவறு செய்யாது, தொழிலாளிதான் தவறு செய்வான்." முதலாளிகளும் அவர்களுடைய பத்திரிகைகளும் நாள் தவறாமல் நமக்குப் போதிக்கும் வேதம் இது. கம்ப்யூட்டரின் தாய்வீடு என்று இவர்கள் கொண்டாடும் அமெரிக்காவிலேயே இந்த வேதம் சந்தி சிரித்த கதையைத் தோழர்கள் அறிய வேண்டும்.

கனடா எல்லையை ஒட்டியுள்ள ராஜ்யம் மின்னெசோட்டா. பஸ் எட்டாத ஊர்களிலிருந்து ஆலைக்கும் பண்ணைக்கும் போகிறவர்களுக்கு அங்கே கார் ஆடம்பரமல்ல. நம் ஊர்த் தொழிலாளிக்கு சைக்கிள் எப்படியோ அப்படி. ஆண்டுதோறும் பணம் கட்டி, நம்பர் தகட்டில் ஒட்டும் சிறு வில்லையை வாங்கியாக வேண்டும். வில்லை காலாவதியான வண்டியைப் போலீஸ் மறிக்கும்.

இந்தப் பதிவு வேலையை முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் செய்து வந்தது. அதை மாற்றும் ஏற்பாடு 2008ல் தொடங்கியது. 2012ல் ஹியூலெட்-பேக்கார்ட் என்ற பெரிய கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் கொடுத்தார்கள். வேலை முடியவில்லை, 2014ல் காண்ட்ராக்ட் ரத்தாயிற்று. பிறகு சர்க்காரின் சொந்த இலாகாவே வேலையை ஏற்றது. 'மின்லார்ஸ்' என்ற பெயரில் 2017 ஜூலை 24ந் தேதி புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது.

வந்த நாளிலிருந்தே தொல்லை! நிமிஷத்தில் முடிந்த காரியம் மணிக்கணக்கில் இழுத்தது. பதிந்ததில் ஒரு பிழை நேர்ந்தால் திருத்த வழியில்லை. வண்டியின் உரிமைப் பத்திரத்துக்கு ஜனங்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அடி யார் தலையில் விழுந்தது? திட்டம் போட்ட பெரிய அதிகாரியின் தலையிலா? இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவின் தலையில் விழுந்தது. அங்கே பதிவு அலுவலகங்கள் நூற்றெழுபதுக்கு மேல். சில நகரசபைகள் நடத்துபவை. சில சாதாரணக் குடும்பங்கள் நடத்துபவை. ஒரு பதிவுக்கு இவ்வளவு கட்டணம் என்று சட்டம் வரையறுத்திருக்கிறது. வேலை இரண்டு மடங்கானாலும் கூலி அதேதான்! அலுவலகத்தை மூடாமலிருக்கச் சிலர் சொந்தச் சேமிப்பைக் கரைத்தார்கள். வசவு வாங்கியது அவர்கள். குற்றம் செய்தது வேறு ஆட்கள்.

இது நம் கற்பனையல்ல. அந்த ராஜ்யத்தின் சட்டசபைத் தணிக்கை அதிகாரியே 2019ல் வெளியிட்ட அறிக்கை இருக்கிறது. குறைகள் உள்ளன என்று தெரிந்தே, போதிய சோதனை செய்யாமல், தயாராகாத ஏற்பாட்டை நடைமுறைக்கு விட்டார்கள் என்று அது தலைமையைச் சாடுகிறது. தெரிந்தே செய்ததற்குப் பெயர் யந்திரக் கோளாறா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

செலவு ஏறக்குறைய பத்துக் கோடி டாலர். 2018 ஜனவரியில் இன்னும் 4.3 கோடி வேண்டுமென்று கை நீட்டினார்கள். பதிவு அலுவலகங்களுக்கு 1.3 கோடி டாலர் நஷ்ட ஈடு ஒதுக்க மட்டும் 2019 வரை நேரம் பிடித்தது. கடைசியில் மின்லார்ஸையே தூக்கியெறிந்துவிட்டு, 2020 நவம்பரில் வேறொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள்.

"பார்த்தீர்களா, சர்க்கார் தொட்டது துலங்காது; எல்லாவற்றையும் தனியாரிடம் கொடுங்கள்" என்று சில கனவான்கள் கிளம்புவார்கள். 2012ல் காண்ட்ராக்ட் எடுத்தது யார்? தனிக் கம்பெனிதானே! 2020ல் வந்ததும் ஒரு கம்பெனியின் சரக்குதான். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அது வேறு ராஜ்யங்களில் ஏற்கெனவே ஓடிப் பார்த்த சரக்கு. ஓட்டிப் பார்த்தது உதவியது. கம்பெனியின் பெயர்ப் பலகை அல்ல.

வில்லைதானே, இதற்கென்ன இவ்வளவு ஆவேசம் என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. 2021 ஏப்ரல் 11ந் தேதி, அதே மின்னெசோட்டாவின் புரூக்ளின் சென்டர் நகரில், 20 வயது கறுப்பு இளைஞர் டான்டே ரைட்டின் காரைப் போலீஸ் மறித்தது. பதிவு வில்லை காலாவதியாகிவிட்டது என்பது போலீஸ் சொன்ன காரணம். சற்று நேரத்தில் ஒரு போலீஸ் அதிகாரியின் குண்டுக்கு அவர் பலியானார். அந்த அதிகாரி குற்றவாளி என்று அதே ஆண்டு டிசம்பரில் கோர்ட் தீர்ப்பளித்தது. அவருடைய வில்லைக்கும் மின்லார்ஸுக்கும் முடிச்சுப் போடவில்லை நாம். ஏழையின், கறுப்பனின் கையில் ஒரு காகிதத் துண்டு இல்லையென்றால் அங்கே அது எவ்வளவு தூரம் போகிறது என்பதையே சுட்டிக்காட்டுகிறோம்.

நம் விவசாயத் தொழிலாளர்களுக்கு இது புதிய அனுபவமல்ல. 2023 ஜனவரி முதல், நூறு நாள் வேலைத் தளங்களில் தினம் இரண்டு தடவை போட்டோ பிடித்துக் கைபேசியில் ஏற்றினால்தான் வருகை என்று மத்திய சர்க்கார் கட்டாயப்படுத்தியது. சிக்னல் இல்லாத இடத்தில் படம் ஏறவில்லை. வெயிலில் மண் வெட்டியவர்களின் கூலி அடிபட்டது. மின்னெசோட்டாவின் குமாஸ்தாவும் நம் ஊர் மண்வெட்டிக்காரியும் ஒரே ரகத்து ஆட்சியிடம் அடிபட்டவர்கள்.

நாம் யந்திரத்துக்கு விரோதிகளல்ல. பாரத்தைக் குறைக்கும் யந்திரத்தைத் தொழிலாளி வர்க்கம் இரு கை நீட்டி வரவேற்கும். நாம் கேட்பது இவைதான்:

வேலை தெரிந்த தொழிலாளியைக் கலக்காமல் யந்திரத்தைக் கொண்டுவராதே!

ஓட்டிப் பார்த்து உறுதி செய்யாமல் ஜனங்கள் மீது சுமத்தாதே!

யந்திரம் பிழை செய்தால், தொழிலாளியின் கூலியில் கைவைக்காதே! நஷ்டத்தை உத்தரவிட்டவனே ஏற்கட்டும்!