கலியாணம் முந்தியா, பைத்தியம் தெளிவது முந்தியா?

“கலியாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்; பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம் ஆகும்” என்பது நம் பாட்டிமார் சொல்லக் கேட்ட பழமொழி. அது கணனிக்கும் பொருந்தும் என்பதைக் கொட்டாஞ்சேனை மாணவர் ஒருவர் அண்மையில் நமக்கு உணர்த்தினார்.

அவ்வட்டாரப் பிள்ளைகள் மாலையில் கூடிப் படிக்கும் இடமொன்றிற்கு, ஓர் அலுவலகம் கழித்துவைத்த ஆறு கணனிகளை அவர் கேட்டுப் பெற்றிருந்தார். 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின்னர் புதுக் கணனி எத்தனை இல்லங்களுக்கு எட்டாக் கனியாயிற்று என்பதை வாசகர் அறிவர். விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை வலையமைப்பு வழியாக ஆறிலும் நிறுவிவிட எண்ணினார். திரையிலோ, “வலையமைப்பு அட்டை காணப்படவில்லை” என்ற வரியே ஆறிலும் தோன்றிற்று.

வெள்ளவத்தையில் நம் வீட்டு விறாந்தையில் வந்தமர்ந்தவர், “அட்டைகள் பழுதாம், ஐயா. பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார்கள்” என்றார்.

“தம்பி, அந்த வரியைக் காட்டிய நிரல் கணனிக்குள் எவ்வழியாக வந்தது?” என்று கேட்டோம். அவர் திகைத்தார். அந்த அட்டை வழியாகத்தான் வந்தது!

கணனியை முடுக்கியதும், பி.எக்ஸ்.ஈ. எனும் உட்பொதிந்த சிறு நிரல் வலையமைப்பிலிருந்து இரு கோப்புகளை வாங்குகிறது. ஒன்று லினக்ஸின் கருவாகிய கெர்னல். மற்றது ‘இனிட்ஆர்டி’ எனும் தொடக்கத் தொகுப்பு. கெர்னல் பொறுப்பேற்றதும் சிறு நிரல் ஒதுங்கிவிடும். பின்னர் அட்டையை இயக்கக் கெர்னலுக்கென ஒரு டிரைவர் வேண்டும். பஸ் ஓட்டும் சாரதியை எண்ணிவிட வேண்டாம். இதுவும் ஒரு நிரலே. தொகுப்பு சிறிதாயிருக்கும் பொருட்டு எல்லா டிரைவர்களையும் அதில் அடைப்பதில்லை. விடுபட்டதை வலையமைப்பில் எடுக்கலாம். ஆனால் வலையமைப்பை அடைய அந்த டிரைவரே வேண்டும். பாட்டி சொன்ன கலியாணக் கதைதான்!

பரிகாரம் உண்டு. ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையால் அட்டையின் இன எண்ணை அறியலாம். தொடக்கத் தொகுப்பு, ‘சிபிஐஓ’ முறையில் கட்டிச் சுருக்கிய மூட்டை. அதை அவிழ்த்து, டிரைவரை உரிய இடத்தில் வைத்து, ‘டெப்மொட்’ கட்டளையால் அட்டவணையைப் புதுக்கி, மீண்டும் கட்டவேண்டும். சில அட்டைகளுக்கு ‘ஃபர்ம்வெயர்’ கோப்பும் தேவை. அதைத் தனி மூட்டையாக்கிப் பழையதன் வாலில் ஒட்டினாலும் கெர்னல் படித்துக்கொள்ளும். பிறருக்கு உரிமையான இக்கோப்புகளை அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்ப்பதா என்று நெடுங்காலம் வாதிட்ட டெபியன் தொண்டர்கள், 2022இல் வாக்கெடுத்தே இசைந்தனர்.

மாணவர் முதல் நாள் தோற்றார். வேறொரு கணனியிலிருந்து எடுத்த டிரைவரைக் கெர்னல் ஏற்கவில்லை. இரண்டின் பதிப்பும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். மறுநாள் அதே பதிப்புக்குரியதைத் தேடிச் சேர்த்தார். ஆறு கணனிகளும் ஒவ்வொன்றாய் விழித்தன. செலவு, இரண்டு மாலைப் பொழுதும் சில கோப்பை தேநீருமே.

மாணவ நண்பர்களே! பழுதென்று ஊர் சொன்னதும் பொருளைத் தெருவில் வைத்துவிடாதீர்கள். அது எதுவரை ஓடிற்று, எங்கே நின்றது என்று முதலில் பாருங்கள். லினக்ஸ் மூட்டையை எவரும் அவிழ்க்கலாம். அவிழ்த்துப் பார்க்கும் பொறுமைதான் நம்மிடம் வேண்டும். கொட்டாஞ்சேனையில் இப்போது மாலைதோறும் ஆறு திரைகள் ஒளிர்கின்றன. இடம் பிடிக்கப் பிள்ளைகள் சண்டையிடுகிறார்களாம்!