நர்சு மாணவி கேட்ட கேள்வி

நம் மக்கள் பேச்சில் 'இரத்தம்' என்கின்ற வார்த்தைக்கு உள்ள மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. "நல்ல இரத்தத்தில் பிறந்தவன் இப்படிச் செய்வானா?" என்றும், "எங்கள் குலத்து இரத்தமே அப்படி" என்றும், "தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்" என்றும் சொல்லி, ஜாதிப் பெருமை, குலப் பெருமை, சொந்த பந்தப் பெருமை எல்லாவற்றையும் இரத்தத்தின் தலையிலேயே கட்டிவிடுகின்றார்கள். ஆனால் அந்த இரத்தத்தை உண்மையிலேயே ஒரு மனிதன் உடம்பிலிருந்து எடுத்து மற்றொரு மனிதன் உடம்பில் ஏற்றுகின்ற இடத்தில் எது பார்க்கப்படுகின்றது, எது பார்க்கப்படுவதில்லை என்பதை மாத்திரம் யாரும் யோசிப்பதில்லை.

நமது நண்பர் ஒருவருடைய மகள் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சு வேலை படித்து வருகின்றார். அவர் நம்மிடம் சொன்ன ஒரு சங்கதியே இதை எழுதும்படி செய்தது.

பிரசவ வார்டில் இரத்தப் போக்கால் சோர்ந்து கிடந்த ஓர் அம்மாளுக்கு இரத்தம் ஏற்றும்படி டாக்டர் எழுதியிருந்தாராம். இரத்தப் பையும் வந்து சேர்ந்தது. கூட இருந்து கற்றுக் கொடுக்க வேண்டிய மூத்த நர்சு, "ஏழாம் கட்டில் லட்சுமிக்கு மாட்டிவிடு" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குத் திரும்பிவிட்டார். இந்த மாணவியோ தாம் கற்றபடி கட்டிலருகே சென்று, "அம்மா, உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள்; வீட்டுக்காரர் பெயரையும் சொல்லுங்கள்" என்று கேட்டார். அந்த அம்மாள் தன் பெயரைச் சொன்னார். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக் கொண்டார். பிறகு அவர் கையில் கட்டியிருந்த பட்டையின் நம்பரையும், பையோடு வந்த சீட்டின் நம்பரையும் ஒத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறாக இருந்தன.

"சிஸ்டர், நம்பர் ஒத்து வரவில்லையே" என்றாராம். "லட்சுமிக்கு வந்த இரத்தம் லட்சுமிக்குத்தானே! படிக்க வந்தவள் எனக்குப் பாடம் நடத்தாதே" என்று பதில் வந்தது. மாணவி பயந்துபோனாலும் பையை மாட்டாமல் நின்றுவிட்டார். டாக்டர் வந்து விசாரித்ததில், அது அடுத்த வார்டில் ஆபரேஷனுக்குக் காத்திருந்த வேறொரு லட்சுமிக்கு வந்த 'பி' வகுப்பு இரத்தம் என்று தெரிந்தது. ஏழாம் கட்டில் அம்மாளுக்கு உள்ளதோ 'ஓ' வகுப்பு. நம் நாட்டில் லட்சுமிகளுக்கா பஞ்சம்? செல்வத்திற்குத்தான் பஞ்சம்!

ஓர் உயிரைக் காப்பாற்றிய அந்தப் பெண்ணுக்கு அன்று மாலை கிடைத்தது என்ன தெரியுமா? "வாய் அதிகம்" என்கின்ற கண்டிப்புத்தான். இதில் அந்த மூத்த நர்சை மாத்திரம் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே ஆள் அநேகம் கட்டில்களைக் கவனிக்க வேண்டியதாய் விட்டுவிட்டு, அவரிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது. நாம் கேட்பது வேறு. கேள்வி கேட்டது குற்றமாய்ப் போனது எப்படி?

இந்தத் தவறு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். எல்லா மனித இரத்தமும் ஒன்றோடொன்று சேராது என்பதை வியன்னா நகரில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் என்னும் அறிஞர் 1901ல் எடுத்துக் காட்டினார். அவர் கண்ட வகுப்புகளோடு மறு வருஷமே இன்னொன்றும் சேர்ந்து ஏ, பி, ஏபி, ஓ என நான்காயின. இதற்காக அவருக்கு 1930ல் நோபல் பரிசு கிடைத்தது. 1940ல் ஆர்.எச். என்கின்ற மற்றொரு குறியும் தெரிய வந்தது. 'ஓ' வகுப்பு உடம்பில் 'பி' இரத்தம் ஏறினால், அந்த உடம்பிலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் வந்த சிவப்பணுக்களைத் தாக்கி உடைத்துவிடும். அதனால் சிறுநீரகம் கெடும். இரத்த அழுத்தம் விழும். இரத்தம் உறையும் சக்தி கெட்டு அங்கங்கே கசியும். இதற்குப் பை முழுவதும் ஏற வேண்டியதில்லை. சில சமயம் சிறிதளவே போதும், ஆளைக் கொன்றுவிடும். இவ்வித மரணங்களுக்கு, பெரும்பாலும், விஞ்ஞானம் தெரியாதது காரணமல்ல. ஆள் மாறிப் போவதும், சீட்டு மாறிப் போவதுமே காரணம்.

ஆகவேதான் நர்சு மாணவிகளுக்கு இந்த வேலையை அவ்வளவு கண்டிப்பாய்க் கற்பிக்கின்றார்கள். பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும்போதே, நோயாளியின் வாயால் பெயரைச் சொல்லச் செய்து, கட்டிலருகிலேயே குழாயில் பெயரும் நம்பரும் எழுத வேண்டும். நாலு பேருக்கு எடுத்து மேஜைக்குக் கொண்டு போய் எழுதலாம் என்பது கூடாது. "நீங்கள் லட்சுமிதானே?" என்றும் கேட்கக் கூடாது. அரை மயக்கத்தில் இருப்பவரும், காது கேளாதவரும், பயந்தவரும் எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்று தலையை ஆட்டிவிடுவார்கள். "உங்கள் பெயர் என்ன?" என்றே கேட்க வேண்டும்.

பை வந்த பிறகு வகுப்பு, பையின் எண், காலாவதித் தேதி, நோயாளியின் நம்பர் ஆகியவற்றை இருவர் தனித்தனியே பார்க்க வேண்டும். பையில் ஓட்டை, கட்டி, நிற மாற்றம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். சிவப்பணு இரத்தம் 2 முதல் 6 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டியது. ஆதலால் வெளியே எடுத்தால் அரை மணிக்குள் ஏற்றத் தொடங்கி, நாலு மணிக்குள் முடித்துவிட வேண்டும். சில்லென்று இருக்கின்றதே என்று வெந்நீரில் போடுவதும், வெயிலில் வைப்பதும் இரத்தத்தைக் கெடுக்கின்ற வேலைகளாகும். அதே குழாயில் உப்பு நீராகிய சலைன் தவிர, குளுக்கோஸோ மருந்தோ சேரக் கூடாது.

ஏற்றுவதற்கு முன் காய்ச்சல், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துக் குறித்துக் கொண்டு, முதலில் மெதுவாக விட்டு, முதல் 15 நிமிஷமாவது பக்கத்தை விட்டு நகராமல் நிற்க வேண்டும். குளிர் நடுக்கம், காய்ச்சல், இடுப்பு வலி, மூச்சுத் திணறல், தடிப்பு, "என்னமோ செய்கின்றதே" என்கின்ற திகில் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே இரத்தத்தை நிறுத்திவிட வேண்டும். பின் புதுக் குழாயில் சலைன் விட்டு, டாக்டரைக் கூப்பிட்டு, சீட்டை மறுபடி ஒத்துப் பார்த்து, பையை இரத்த பாங்கிக்கே திருப்பியனுப்ப வேண்டும். இவ்வளவையும் மாணவி தனியே செய்யக் கூடாது. தேர்ந்தவர் பார்வையில்தான் செய்ய வேண்டும்.

தோழர்களே! மேலே சொன்னவற்றில் "பெரியவர் சொன்னார், ஆகையால் சரி" என்று ஒரு வரியாவது உண்டா? "நேற்றுப் பார்த்தாயிற்று, இன்று வேண்டாம்" என்று உண்டா? நூறாவது தடவையாக இருந்தாலும் முதல் தடவை போலவே பார் என்பதும், பார்த்தது பொய்யானால் உடனே நிறுத்து என்பதும்தானே அதன் சாரம்? இதைத்தான் நாம் பகுத்தறிவு என்று இத்தனை காலமாய்ச் சொல்லி வருகின்றோம். மேடையில் பேசுகின்ற பகுத்தறிவு கை தட்டலோடு முடிந்து போகலாம். கட்டிலருகே நின்று நம்பரை ஒத்துப் பார்க்கின்ற பகுத்தறிவோ ஓர் உயிரைக் கையில் பிடித்துக் கொண்டு நிற்கின்றது.

நிற்க, இரத்த விஷயத்தில் சோதனையை விட்டு நம்பிக்கையைப் பிடித்துக் கொண்டவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். 1667ல் பாரிஸ் நகரில் டெனி என்கின்ற வைத்தியர், புத்தி கலங்கிய ஒருவனுக்குக் கன்றுக்குட்டியின் இரத்தத்தை ஏற்றினார். கன்றின் சாதுக் குணம் அவனுக்கு வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. அவன் மாண்டான், வழக்கு நடந்தது, பிறகு அந்நாட்டில் அவ்வேலைக்கே தடை ஏற்பட்டது.

சரி, அது பழைய காலம் என்பார்கள். 1941ல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் யுத்த வீரர்களுக்காக இரத்தம் சேர்த்தபோது, கறுப்பர்களிடம் வாங்க மாட்டோம் என்றது. 1942ல் வாங்க ஒப்புக் கொண்டபோதும் அதைத் தனியாகக் குறியிட்டு ஒதுக்கி வைத்தது. அந்த ஒதுக்கல் நின்றது 1950ல்தான். வேடிக்கை என்னவென்றால், 1940ல் இங்கிலாந்துக்கு இரத்த நீர் அனுப்பிய பெரிய திட்டத்தை நடத்திக் காட்டிய டாக்டர் சார்லஸ் ட்ரூ ஒரு கறுப்பர்! அவர் வகுத்த முறை வேண்டும், அவர் இரத்தம் மாத்திரம் தீட்டு என்றால், நம் ஊர்ச் சமையற்கட்டு நியாயத்திற்கும் அதற்கும் என்ன பேதம்?

நம் நாட்டிலும் முகத்தில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், பாதத்தில் பிறந்தவன் என்று நாலு ஜாதி சொன்னார்கள். பரிசோதனைச் சாலையிலும் நாலு வகுப்புகள் இருக்கின்றன. ஆனால் அந்த நாலில் ஒன்றாவது இந்த நாலோடு ஒத்துப் போகின்றதா? அக்கிரகாரத்திலும் ஓ இருக்கின்றது. சேரியிலும் ஓ இருக்கின்றது. பெற்ற தகப்பன் இரத்தம் மகனுக்குச் சேராமற் போவதும், முகம் தெரியாத ஒருவன் இரத்தம் அவனைப் பிழைக்க வைப்பதும் நாள்தோறும் நடக்கின்றன. இன்னும் சொல்லப் போனால், வகுப்பு ஒத்திருந்தாலும் நெருங்கிய இரத்த சொந்தக்காரரின் இரத்தத்தில் ஓர் அபூர்வ அபாயம் உண்டு. கொடுத்தவரின் வெள்ளையணு, வாங்கினவர் உடம்பில் அந்நியமாய்த் தோன்றாமல் தங்கிப் பெருகி அவ்வுடம்பையே தாக்கும். ஆகையால் அந்த இரத்தத்தைக் கதிரில் காட்டிய பிறகே ஏற்ற வேண்டும். 'இரத்த பந்தம்' என்று பெருமை பேசுகின்றவர்கள் இதற்கு என்ன சொல்லுகின்றார்கள்?

ஆனால், இரத்தத்தில் இல்லாத ஜாதி வார்டில் இருக்கின்றது. அங்கே மேலே பெரிய டாக்டர், அடுத்துச் சிறிய டாக்டர், அடுத்து மூத்த நர்சு, அதற்கும் கீழே மாணவி, கடைசியில் ஆயாவும் நோயாளியும். உத்தரவு மேலிருந்து கீழே வரலாம். கேள்வி மாத்திரம் கீழிருந்து மேலே போகக் கூடாது. இதற்குப் பெயர் ஒழுங்கு என்கின்றார்கள். நாம் அதை வருணாசிரமம் என்கின்றோம். சூத்திரன் வேதத்தைக் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்றவனுக்கும், மாணவி நம்பரைக் கேட்டால் வாய் அதிகம் என்பவனுக்கும், தண்டனையில் வித்தியாசம் இருக்கலாம். புத்தியில் வித்தியாசம் இல்லை.

"அப்படியானால் டாக்டர் சொன்னதைக் கேட்க வேண்டாமா? நேற்று வந்த பெண்ணுக்கு அவரைவிட அதிகம் தெரியுமா?" என்று சிலர் கேட்கக் கூடும். டாக்டருக்கு அதிகம் தெரியும் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. எந்த நோய்க்கு எத்தனை பை வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். ஆனால் இந்தப் பையிலுள்ள நம்பரும் இந்தக் கையிலுள்ள நம்பரும் ஒன்றா என்பதற்குப் பட்டம் வேண்டுமா, கண் வேண்டுமா? பெரிய மேதையும் பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் தவறுவார். அதனால்தான் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்த இரண்டாவது ஆள், முதல் ஆளுக்குப் பயந்து தலையாட்டுகின்றவராக இருந்தால், பார்த்தது இரண்டு பேரல்ல, ஒருவரே.

சோதனை தவறினால் வருவது என்ன என்பதற்கு நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தம் ஏற்றப்பட்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அது கட்டிலருகே நேர்ந்த தவறல்ல. அதற்கு முன்பே, இரத்தத்தைச் சோதிக்க வேண்டிய இடத்தில் நேர்ந்த தவறு. எந்தப் படியில் தவறினாலும் அனுபவிக்கின்றவர் நோயாளியே.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். ஆஸ்பத்திரி நடத்துகின்ற சர்க்காரும் தனியாரும், வார்டுக்குப் போதுமான நர்சுகளை வைக்க வேண்டும். சந்தேகப்பட்டு நிறுத்திய மாணவியை, அவர் சந்தேகம் தவறாய்ப் போனாலும்கூட, தண்டிக்கக் கூடாது. நூறு வீண் சந்தேகங்களால் கெடுவது சில நிமிஷங்கள். கேளாமல் விட்ட ஒரு சந்தேகத்தால் போவது ஓர் உயிர். பெற்றோர்களும் பெண்களை "எதிர்த்துப் பேசாதே" என்று வளர்த்துவிட்டு, பிறகு நர்சு வேலைக்கு அனுப்பினால், அந்தப் பெண் கட்டிலருகே எப்படி வாயைத் திறப்பாள்? நர்சு வேலையைக் கேவலம் என்று பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குகின்ற மடமையும் ஒழிய வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளை உங்களுக்கோ, உங்கள் வீட்டாருக்கோ இரத்தம் ஏற்ற வந்தால், "இது எந்த வகுப்பு? சீட்டில் உள்ளது என் நம்பர்தானா?" என்று கேளுங்கள். நர்சு பெயர் கேட்டால் கோபிக்காமல் பத்துத் தடவையானாலும் சொல்லுங்கள். பெண்கள் புருஷன் பெயரையும் தாராளமாய்ச் சொல்லுங்கள். சொன்னால் அவன் ஆயுள் குறையாது. சொல்லாவிட்டால் உங்கள் ஆயுள் குறையக்கூடும். 18 வயதுக்கு மேல், உடம்பு நன்றாயிருந்து, எடையும் இரத்தச் சத்தும் போதுமானதாயிருந்தால், நீங்களும் இரத்தம் கொடுங்கள். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறையும், பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். விலைக்கு இரத்தம் விற்பது 1998 முதல் தடுக்கப்பட்டுவிட்டபடியால், மனிதன் மனதார மனிதனுக்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கோயிலில் கேள்வி கேட்டால் சாமி கோபிக்கும் என்றார்கள். அப்படிக் கேட்டவர்களில் யாரும் அதனால் சாகவில்லை. வார்டில் கேள்வி கேளாமல் விட்டால் மனிதன் சாகின்றான். அந்த மாணவி கேட்டார். ஒரு தாய் பிழைத்தார். அந்த வாயை அடக்க நினைக்கின்றவர்கள், தங்கள் கையில் இரத்தம் ஏறுகின்ற நாளில் பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள் என்பதை நிதானமாய் யோசித்துப் பார்க்கட்டும் என்று சொல்லி, இதை முடிக்கின்றோம்.