தாடி ஓணானுக்குத் துணை எதற்கு?

குழந்தைகளே! ஒரு பிராணி தனியாக இருந்தால் உடனே நமக்கு, "ஐயோ பாவம்" என்று தோன்றுகிறது. அந்தப் பாவத்தைப் பார்த்து, அதற்கு ஒரு துணையைக் கொண்டுவந்து விட்டால் நல்லதா, கெட்டதா? இதில் நானே ஏமாந்த கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என் மகள் குடும்பம் ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரில் இருக்கிறது. அங்கே என் பேரன் ஒரு கண்ணாடிப் பெட்டியில் 'பியர்டட் டிராகன்' வளர்க்கிறான். டிராகன் என்றதும் நெருப்புக் கக்கும் என்று பயந்துவிடாதீர்கள். அது ஒரு வகை ஓணான்தான்! கோபம் வந்தால் தாடைக்குக் கீழே உள்ள முள் முள்ளான தோலை உப்பிக் கறுப்பாக்கிக் கொள்ளும். அப்போது தாடி வைத்தது போல இருக்கும். நாம் 'தாடி ஓணான்' என்றே சொல்வோமே! வாலோடு சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு அடி நீளம் இருக்கும். பூச்சியும் தின்னும், கீரையும் தின்னும். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் உள்ள வறண்ட நிலம்தான் இதன் சொந்த ஊர்.

ஒருநாள் பேரன் போனில், "அம்மாச்சி, அது பாவம், தனியாவே இருக்கு. இன்னொண்ணு வாங்கி விடப்போறோம்" என்றான். "நல்ல மனசுடா கண்ணு" என்று நானும் பாராட்டினேன். "ரெண்டுமே பெண்தான், சண்டை போடாது" என்று கடைக்காரரும் சொன்னாராம்.

சில வாரங்களில் ஒரு புகைப்படம் வந்தது. விளக்குக்குக் கீழே பெரியது, சின்னதன் முதுகில் ஏறிப் படுத்திருந்தது. "என்ன பாசம் பாருங்கள்!" என்று அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வருடம் அறிவியல் பாடம் நடத்தியவள் நான்!

அடுத்த மாதம் போனில் பேரன் அழுதான். சின்னது சாப்பிடவில்லை, இளைத்துவிட்டது, கால் விரலில் ஒன்றைக் காணோம். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, "முதலில் இரண்டையும் பிரியுங்கள். பெரியது ஆண்" என்றாராம்.

நாங்கள் பாசம் என்று நினைத்தது என்ன தெரியுமா? ஓணானின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கிக் கொள்ளாது. வெயிலில் காய்ந்தால்தான் இரை செரிக்கும். வீட்டில் வெயிலுக்குப் பதில் விளக்கு. அந்த விளக்கின் புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகி எலும்பு உறுதிப்படும். மேலே ஏறிப் படுத்தது கட்டிப்பிடிக்க அல்ல. நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ள! கீழே இருந்தது வெளிச்சத்தை இழந்துகொண்டிருந்தது.

இன்னொன்றும் உண்டு. சின்னது அடிக்கடி ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாக ஆட்டுமாம். "டாட்டா காட்டுது" என்று பேரன் கைதட்டுவான். உண்மையில் அது, "நான் சண்டைக்கு வரவில்லை, என்னை விட்டுவிடு" என்று சொல்லும் விதம். பெரியது தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டுவது, "இது என் இடம்" என்று மிரட்டுவது. பெட்டிக்குள் தினமும் மிரட்டலும் கெஞ்சலும் நடந்திருக்கிறது. நாம் அதை விளையாட்டு என்று நினைத்துவிட்டோம்.

காட்டிலும் இவை சண்டை போடுமே என்று கேட்பீர்கள். போடும், ஆனால் அங்கே தோற்றது ஓடிவிடலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கே ஓடும்? கடிபட்டுப் போன விரல் திரும்ப வராது. நம் வீட்டுப் பல்லிக்கு வால் அறுந்தால் மறுபடி முளைக்கும். தாடி ஓணானுக்கு வாலும் முளைக்காது.

"சரி, ஆண், பெண் சரியாகப் பார்த்துச் சேர்த்தால்?" என்று ஒரு கெட்டிக்காரர் கேட்கலாம். முதலில், குட்டியாக இருக்கும்போது பார்ப்பதே கஷ்டம். சில மாதங்கள் வளர்ந்த பிறகு, வாலின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் ஆணுக்கு இரண்டு பக்கமும் இரண்டு புடைப்புகள், நடுவில் ஒரு பள்ளம் தெரியும். பெண்ணுக்கு அப்படி இரண்டு புடைப்புகள் இருக்காது. ஆணின் தொடைக்கு அடியில் வரிசையாக உள்ள துளைகளும் பெரிதாக இருக்கும். வாலை ரொம்ப வளைத்தால் முதுகெலும்புக்கு ஆபத்து. அதனால் விவரம் தெரிந்த பெரியவர்கள்தான் பார்க்க வேண்டும்.

இதில் ஓர் அதிசயமும் இருக்கிறது. முட்டை இருக்கும் இடத்தின் வெப்பம் 32 டிகிரி செல்சியசைத் தாண்டினால், மரபுப்படி ஆணாக வேண்டிய குஞ்சு பெண்ணாகப் பொரிந்துவிடலாம்! ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதை 2007-இல் கண்டுபிடித்தார்கள். 2015-இல் காட்டில் வாழும் ஓணான்களிலும் அப்படிப்பட்டவை இருப்பதைச் சொன்னார்கள். அவை முட்டையும் இடுகின்றன! இவ்வளவு நுட்பமான விஷயத்தை ஒரு குட்டியைக் கையில் எடுத்த உடனே, "பெண்தான்" என்று சொல்லிவிட முடியுமா?

சரியாகவே பார்த்தாலும் பயன் இல்லை. இரண்டு ஆண்களைச் சேர்த்தால் சண்டை. ஆணையும் பெண்ணையும் சேர்த்தால், ஆண் ஓயாமல் துரத்தும். பெண் ஒரு தடவைக்குச் சுமார் 20 முட்டை, ஒரே வருடத்தில் பல தடவை இடும். ஒவ்வொரு தடவையும் அதன் எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்துதான் கரையும். இரண்டு பெண்களைச் சேர்த்தாலும் பெரியது சின்னதை விரட்டி இரையைப் பிடுங்கும். "எங்கள் வீட்டில் இரண்டும் சமர்த்தாக இருக்கின்றன" என்பவர்கள் உண்டு. சண்டை வெளியே தெரியவில்லை என்பதால் பயம் இல்லை என்று ஆகிவிடாது.

ஆகவே என் கருத்து இதுதான்: ஒரு பெட்டிக்கு ஒரு தாடி ஓணான். துணை தேடுவது நம் மனித குணம். நமக்குப் பிடித்தது அதற்கும் பிடிக்கும் என்று முடிவு கட்டுவது அன்பு அல்ல, அவசரம். முதலில் அதைக் கவனிக்க வேண்டும். அதன் பழக்கத்தைப் படிக்க வேண்டும். அப்புறம்தான் இரக்கப்பட வேண்டும். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். அதற்கு ஒரு விரல் போயிற்று.

இப்போது பேரன் வீட்டில் இரண்டு பெட்டிகள். ஒன்றை ஒன்று பார்க்காதபடி நடுவில் அட்டை வைத்திருக்கிறான். சின்னது நன்றாகச் சாப்பிடுகிறதாம்.

நம் ஊர் வேலி ஓணானும் தாடி ஓணானும் ஒரே குடும்பம்தான். இதுவும் தலையை ஆட்டும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் கழுத்து சிவக்கும். அடுத்த முறை பார்க்கும்போது கல்லை எடுக்காதீர்கள்; சுருக்குப் போட்டுப் பிடிக்காதீர்கள். தள்ளி நின்று பத்து நிமிடம் பாருங்கள். யாரை மிரட்டுகிறது, எந்த இடத்தில் காய்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். "வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை" என்று ஒரு பழமொழி உண்டே! அதில் வேட்டிக்காரருக்கு வந்த தொல்லையைத்தான் எல்லாரும் பேசுகிறோம். அந்த ஓணானின் பாட்டையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், செல்லங்களே!