பெட்டி நமது, திறவுகோல் யாருடையது?

யானையை விற்றபின் அங்குசத்துக்கு வழக்காடலாமா என்று கேட்பது நம் நாட்டு வழக்கு. விலை பேசி, பணத்தை எண்ணிக் கொடுத்து, பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அது வாங்கியவனுடையது. அதை ஆள்வதற்குரிய கருவியும் அவனுடையதே. இந்த எளிய நீதி மாட்டுக்கும் வண்டிக்கும் பொருந்தியது. கடிகாரத்துக்கும் வானொலிக்கும் பொருந்தியது. கணினிக் காலத்தில் மட்டும் யானை நம் கொட்டிலில் நிற்கிறது. அங்குசம் விற்றவன் கையிலேயே இருக்கிறது. இது முறைதானா? தமிழ் மாணவர்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

நான் சொல்லப்போவது பெரிய பொறியைப் பற்றியன்று. வீடுகளிலும் சிறு கடைகளிலும் ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும் சேமிப்புப் பெட்டியைப் பற்றித்தான். கடைக்காரர்கள் இதனை ‘நாஸ்’ என்பார்கள். உள்ளே ஒன்றோ இரண்டோ ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கும். ரௌட்டரோடு ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள கணினிகள் எல்லாம் அதில் கோப்புகளை வைக்கலாம், எடுக்கலாம். 2010ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் புகைப்பட நிலையத்தாரும் அச்சகத்தாரும் கணக்கெழுதுவோரும் இதனை விரும்பி வாங்கினார்கள். பெட்டி சிறிதே ஆயினும் உள்ளே இருப்பது ஒரு முழுக் கணினி. அக்காலப் பெட்டிகள் பலவற்றில் மார்வெல் நிறுவனத்தின் ‘கிர்க்வுட்’ சில்லும், 128 அல்லது 256 மெகாபைட் நினைவகமும் இருக்கக் காணலாம். அதை இயக்குவதும் பெரும்பாலும் லினக்ஸ்தான்.

பிழைப்புத் தேடிக் குடியாத்தத்திலிருந்து சித்தூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. சித்தூரில் எங்கள் தெருவில் புகைப்பட நிலையம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், பல ஆண்டுகளாக எடுத்த திருமணப் படங்களையும் காதணி விழாப் படங்களையும் இத்தகைய பெட்டியில்தான் சேர்த்து வைத்திருந்தார். வேலூர், ஆற்காடு, சோளிங்கர் என்று மாநில எல்லையைத் தாண்டிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களின் படங்கள் அவை. அவர் புதுக் கணினி வாங்கினார். பழைய பெட்டி அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. விற்ற நிறுவனத்தைக் கேட்டார். அந்த மாடலுக்கு ஆதரவு முடிந்துவிட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று விடை வந்தது. “டிஸ்க் நல்லாத்தான் சுத்துது தம்பி, சத்தம்கூட கேக்குது. பெட்டி செத்துப்போச்சுன்னு சொல்றாங்களே, அது எப்படி?” என்று என்னைக் கேட்டார்.

நியாயமான கேள்வி. உண்மையில் பெட்டி சாகவில்லை. அது பேசும் மொழிதான் வழக்கொழிந்துவிட்டது.

கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள ‘எஸ்எம்பி’ என்னும் நெறியைப் பின்பற்றுகின்றன. பழைய பெட்டிகள் பல அதன் முதற்பதிப்பை மட்டுமே அறியும். 2017 மே மாதத்தில் ‘வான்னாக்ரை’ என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியது நினைவிருக்கலாம். ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும், நம் திருப்பதியில் தேவஸ்தானத்தின் கணினிகள் சிலவும் அதில் சிக்கிய செய்தி அப்போதைய நாளிதழ்களில் வந்தது. விண்டோஸில் அந்த முதற்பதிப்பைக் கையாளும் பகுதியில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது புகுந்தது. ஆகவே அவ்வாண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, முதற்பதிப்பை இயல்பாக நிறுவுவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அது செய்தது சரியே. கள்வன் புகுந்த கதவை அடைக்கத்தானே வேண்டும்!

அப்படியானால் பெட்டிக்குப் புதுமொழியைக் கற்பிக்க வேண்டியவர் யார்? அதைச் செய்து விற்றவர். கற்பிப்பதற்கு அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ‘சாம்பா’ என்னும் கட்டற்ற மென்பொருள் 2012 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பிலேயே எஸ்எம்பியின் மூன்றாம் பதிப்பை அடிப்படை அளவில் பேசத் தொடங்கிவிட்டது. எடுத்துப் பொருத்தித் தருவதுதான் வேலை. அதையும் செய்யவில்லை என்றால், உடையவனே செய்துகொள்ளலாம் அல்லவா? இங்கேதான் திறவுகோல் என்னும் சிக்கல் எழுகிறது.

கணினிக்கு மின்சாரம் வந்தவுடன் முதலில் விழிப்பது லினக்ஸ் அன்று. ‘பூட்லோடர்’ என்னும் சிறு நிரல். அதுவே வாயில் காப்போன். எந்தக் கெர்னலை உள்ளே விடுவது, எங்கிருந்து எடுப்பது என்று முடிவு செய்வது அதுதான். பழைய பெட்டியின் வாயில் காப்போனுக்குத் தன் ஃபிளாஷ் நினைவகத்தின் ஒரு குறுகிய அறையில் உள்ள பழைய கெர்னலை மட்டுமே தெரியும். இன்றைய கெர்னல் அவ்வறையில் அடங்காது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அழைத்துவரவோ அவனுக்கு வழி தெரியாது. எனவே காப்போனையே மாற்ற வேண்டும்; அல்லது அவனுக்குப் புது ஆணை இட வேண்டும்.

நான் மேற்கொண்ட முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் வேலை, டிஸ்க்குகளைக் கழற்றி லினக்ஸ் கணினியில் இணைத்துப் படங்களையெல்லாம் படியெடுத்தது. அண்ணனின் படங்கள் அன்றே காப்பாற்றப்பட்டன. பெட்டியின் வேலை அதன் பின்னர்தான். பலகையின் ஓரத்தில் நான்கு ஊசிகள் கொண்ட சீரியல் வாயில் ஒன்று இருந்தது. அதற்கு 3.3 வோல்ட் மாற்றிக் கம்பிதான் பொருந்தும். 5 வோல்ட் தொட்டால் சில்லு கருகிவிடலாம். 115200 வேகத்தில் இணைத்து மின்சாரம் கொடுத்தால், பெட்டி தன் வாயாலேயே பேசத் தொடங்குகிறது. எண்ணிக்கை முடியுமுன் ஒரு விசையை அழுத்தினால் காப்போன் நின்று நம் கட்டளைக்குக் காத்திருக்கிறான். அவனுடைய பழைய ஆணைகளை முழுவதும் எழுதி வைத்துக்கொண்டு, ஃபிளாஷையும் படியெடுத்து வைத்துக்கொண்டு, பிறகே புதிய ‘யு-பூட்’ நிரலை ஏற்றினேன். இடையில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று அஞ்சுவோருக்கு ஒரு சொல்: கிர்க்வுட் சில்லுகள் பெரும்பாலானவற்றில், பூட்லோடர் அழிந்துபோனாலும், ‘கேடபிள்யூபூட்’ என்னும் கருவியால் சீரியல் கம்பி வழியே புதியதை அனுப்பி எழுப்பலாம். சில பழைய சில்லுகளில் மட்டும் அவ்வழி இல்லை. அதை முன்கூட்டியே அறிந்து தொடங்குவது அறிவுடைமை. இப்போது அப்பெட்டி டெபியன் லினக்ஸில் ஓடுகிறது. புதுக் கணினியோடு புதுமொழியில் பேசுகிறது.

இதைச் சொல்வது பெருமைக்காக அன்று. சித்தூர்ப் பெட்டி ஒன்றின் கதை உலகெங்கும் நடக்கும் கதை என்பதற்காகச் சொல்கிறேன்.

2024 ஏப்ரலில், டி-லிங்க் நிறுவனத்தின் பழைய சேமிப்புப் பெட்டிகள் சிலவற்றில், நிரலிலேயே பொதிந்த ஒரு கணக்கின் வழியாக வெளியார் புகுந்து கட்டளையிட முடியும் என்பது வெளிப்பட்டது. அவற்றுள் ஒன்று டிஎன்எஸ்-325. ஆதரவுக் காலம் முடிந்தது, திருத்தம் வராது, பெட்டியை ஓய்வு கொடுத்து மாற்றுங்கள் என்றது நிறுவனம். அதே ஆண்டு நவம்பரில் வேறோர் ஓட்டை; அதே விடை. ஆனால் லினக்ஸ் கெர்னலின் மூல நிரலைத் திறந்து பாருங்கள். அந்த டிஎன்எஸ்-325 பெட்டியின் அமைப்பு விவரம் அதில் இருக்கக் காணலாம். செய்தவன் கைவிட்டதைத் தொண்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்!

இன்னொன்று இதைவிடத் துயரமானது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் ‘மை புக் லைவ்’ என்னும் பெட்டிக்கு 2015இல் ஆதரவை முடித்துக்கொண்டது. 2021 ஜூனில் யாரோ தொலைவிலிருந்து அப்பெட்டிகளுக்குள் புகுந்து, தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் கட்டளையை இட்டார்கள். உலகின் பல பகுதிகளில் குடும்பப் படங்களும் ஆவணங்களும் ஒரே இரவில் மறைந்தன. அக்கட்டளையை இடுமுன் கடவுச்சொல் கேட்கும் வரிகள் நிரலில் எழுதப்பட்டு, பிறகு செயலற்றவையாக ஆக்கப்பட்டிருந்தன என்பது ஆய்வில் தெரிந்தது. பிறகு நிறுவனம் தரவு மீட்பு உதவி அளித்தது உண்மை. ஆனால் ஆறாண்டுகள் அப்பெட்டிகள் காவலற்றுக் கிடந்தனவே, அதற்கு யார் பொறுப்பு?

சட்டம் என்ன சொல்கிறது? கெர்னலும் யு-பூட்டும் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வருபவை. பொருளை விற்பவர் அவற்றின் மூல நிரலைத் தர வேண்டும் என்பது அதன் விதி. 2003இல் லிங்க்சிஸ் நிறுவனம் தன் ரௌட்டரின் மூல நிரலை வெளியிட நேர்ந்தது இதனால்தான். ‘ஓப்பன்டபிள்யூஆர்டி’ பிறந்ததும் அதிலிருந்துதான். ஆனால் மூல நிரலைத் தந்துவிட்டுத் திறவுகோலைத் தராமல் இருக்கலாமா? 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு, வீட்டுப் பொருள்களில் மாற்றிய நிரலை நிறுவும் வழியையும் தர வேண்டும் என்கிறது. கெர்னலோ இரண்டாம் பதிப்பிலேயே நிற்கிறது. பழைய பெட்டிகளில் கதவு சாத்தியிருந்ததே தவிர, பெரும்பாலும் பூட்டு இல்லை. அதனால்தான் என்னைப் போன்ற மாணவனும் திறக்க முடிந்தது. இன்றைய சில்லுகள் பல, பூட்லோடரில் நிறுவனத்தின் கையொப்பம் இருந்தால்தான் இயங்குமாறு பூட்டத்தக்கவை. அப்படிப் பூட்டப்பட்ட பெட்டி கைவிடப்படும் நாளில், எந்த மாணவன் எந்தக் கம்பியைக் கொண்டு வந்தாலும் பயனில்லை. இன்று கேட்காவிட்டால் நாளை கேட்க இயலாது.

நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் புதிய மின்கழிவு மேலாண்மை விதிகள் நடப்பில் உள்ளன. பழுதுபார்க்கும் உரிமைக்கென நடுவண் அரசு 2022 டிசம்பரில் ஒரு தளத்தையும் தொடங்கியது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் ஆதரவை நிறுத்தும் நிறுவனம் பூட்லோடரின் திறவுகோலை உடையவனிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கட்டளை அவற்றில் இல்லை. அந்த ஒரு வரியைத்தான் நான் கேட்கிறேன். என்றென்றும் உழைத்துத் தா என்று எந்த நிறுவனத்தையும் நாம் கேட்கவில்லை. விலகும்போது சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போ என்கிறோம், அவ்வளவே.

மறுப்புகள் உண்டு. பூட்டு இருப்பது திருடனைத் தடுக்கத்தானே என்பர். ஆம், பூட்டு வேண்டும். ஆனால் வீட்டுப் பூட்டின் சாவி வீட்டுக்காரன் இடுப்பில் இருக்க வேண்டும். பழைய பெட்டி மெதுவானது, அதோடு மல்லாடுவானேன் என்பர். மெதுவானதுதான், படங்களைக் காத்துத் தருவதற்கு அவ்வேகம் போதும். கட்டற்ற மென்பொருளும் ஒரு நாள் கைவிடும் அன்றோ என்பர். இது வலிவுள்ள மறுப்பு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13தான், கிர்க்வுட் போன்ற பழைய ஏஆர்எம் சில்லுகளுக்குரிய ‘ஆர்மெல்’ வகையில் கடைசி வெளியீடு. எல்லாவற்றுக்கும் முடிவு உண்டு. ஆனால் வேறுபாட்டைப் பாருங்கள்: இங்கே விலகுபவர் முன்கூட்டியே அறிவித்து, மூல நிரலைத் திறந்து வைத்துவிட்டு விலகுகிறார். தொடர விரும்புபவன் தொடரலாம். ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற வேறு வாயிலுக்கும் போகலாம். முடிவு வருவது குற்றமன்று. முடிந்த பின்னும் பூட்டி வைப்பதே குற்றம்.

நாம் வாழும் இத்திருப்பதியிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் முதலானோரின் கீர்த்தனைகள் செப்பேடுகளில் வெட்டப்பட்டுத் திருமலைக் கோயிலில் ‘சங்கீர்த்தன பண்டாரம்’ என்னும் சிற்றறையில் வைக்கப்பட்டிருந்தன. நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்து, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவை வெளிப்பட்டன. அறைக்கதவு திறந்ததும், தெலுங்கு எழுத்தறிந்தவர் எடுத்துப் படித்தார். அதே கோயிலின் சுவர்களில் மிகுதியாக உள்ள தமிழ்க் கல்வெட்டுகளையும் தமிழ் எழுத்தறிந்தவர் படித்தார். வெட்டியவனின் அனுமதிச் சீட்டை யாரும் தேடவில்லை. நம் காலத்துப் பெட்டியிலோ எழுத்து அழியாமல் இருக்கிறது, படிக்கத்தான் வழியில்லை. எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்களின் முகங்கள் எந்த அரசு ஆவணக் காப்பகத்திலும் இல்லை. சித்தூர், நகரி, புத்தூர்ப் புகைப்பட நிலையங்களின் மூலைகளில்தான் இருக்கின்றன. அவை எடைக்குப் போனால் மீளா.

ஆகவே நம் சங்கத்தின் முன் மூன்று வேலைகளை வைக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, சங்க அறையில் பழைய பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லிப் படியெடுத்துக் கொடுப்போம். விதி ஒன்றே: முதலில் படி, பிறகே பரிசோதனை, ஒரு படியை நம்பாதே, இரண்டு எடு, பழைய பெட்டியை நேராக இணையத்தில் திறந்து வைக்காதே. இரண்டாவது, ஒவ்வொரு மாடலையும் திறந்த முறையைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைப்போம். அடுத்து வரும் மாணவன் இருட்டில் தடவ வேண்டாம். மூன்றாவது, பல்கலைக்கழகம் இனி வாங்கும் கருவிகளுக்கான ஒப்பந்தத்தில், ஆதரவு முடியும்போது திறவுகோலைத் தர வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்குமாறு விண்ணப்பம் அளிப்போம். வாங்குபவன் கேட்டால்தான் விற்பவன் காதில் விழும்.

அறிவியல் படிப்பது பட்டத்துக்காக மட்டுமன்று. தெருவில் இருக்கும் ஒருவர் கேள்வி கேட்டால் விடை சொல்வதற்கும்தான். ஒரு கம்பி, ஒரு மாலை, சிறிது பொறுமை இவை இருந்தால் போதும். வரும் ஞாயிறு சங்க அறைக்கு வாருங்கள் தோழர்களே. வரும்போது வீட்டு மூலையில் கிடக்கும் பெட்டியையும் எடுத்து வாருங்கள்.