உடைமை உண்டு, உரிமைச்சீட்டு இல்லை

தமிழ்நாட்டில் பதிவான ஒரு பழைய மோட்டார் சைக்கிளைக் கேரளத்துத் தொழிலாளி ஒருவர் விலைக்கு வாங்கினால், அவர் செய்ய வேண்டியவை யாவும் சட்டத்தில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. 28ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்று பெற வேண்டும். 29, 30ஆம் படிவங்களின் வழியே உரிமை மாற்றம் பதிவாக வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்குப் புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அலைச்சல் உண்டு, தரகருக்குக் கூலி உண்டு, சாலைவரித் தகராறும் உண்டு. ஆயினும் போவதற்கு ஒரு பாதை இருக்கிறது. பாதையின் முடிவில் அவர் பெயர் பொறித்த பதிவுச் சான்று கைக்கு வருகிறது.

அதே தொழிலாளி விழிஞ்ஞத்து மீனவர் என்றும், அவர் வாங்குவது குளச்சலிலிருந்து ஒரு பழைய அவுட்போர்டு எஞ்சின் என்றும் கொள்வோம். 1956 நவம்பர் 1 வரை இவ்விரு ஊர்களும் ஒரே மாநிலத்தில் இருந்தவை. இன்றும் கொள்வினை கொடுப்பினை அறுபடாத கரை அது. மாநில எல்லை மீனுக்கும் தெரியாது, நீரோட்டத்துக்கும் தெரியாது. ஆனால் எஞ்சினுக்குத் தெரியும். ஏனெனில் அதற்கு 28ஆம் படிவம் இல்லை. எந்த எண்ணுள்ள படிவமும் இல்லை. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான். விற்பவர் நல்லவராக இருந்தால் மங்கிப்போன ஒரு பழைய பற்றுச்சீட்டைத் தேடி எடுத்துத் தருவார். அந்தச் சீட்டில் பெரும்பாலும் விற்பவரின் பெயர்கூட இராது.

ஏன் இராது என்பதைக் கடற்கரையின் கடன் உறவுகளை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எஞ்சின் வாங்க முன்பணம் கொடுத்த ஏலத் தரகர் சீட்டைத் தம் பெயரிலேயே போட்டுக்கொள்வது உண்டு. பிடித்து வரும் மீனைத் தமக்கே தர வேண்டும் என்ற கட்டுக்கு அந்தச் சீட்டுத்தான் கயிறு. கூட்டுறவுச் சங்கக் கடனில் வாங்கிய எஞ்சினானால் கடன் தீரும் வரை சங்கத்துக்கு அதன்மீது பிடி உண்டு. அரசு மானியத்தில் வாங்கியதானால் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை கைமாற்றக் கூடாது என்பது பொதுவான நிபந்தனை. குடும்பத்தில் ஒரு சாவோ, மகளின் திருமணமோ வந்தால் அந்த நிபந்தனையைப் பார்த்துக்கொண்டு எவரும் உட்கார்ந்திருப்பதில்லை. எனவே, ஒரு பழைய எஞ்சின் மாநில எல்லையைக் கடக்கும்போது அதன் பின்னால் தரகர், சங்கம், மீன்வளத்துறை என்று மூன்று நிழல்களாவது நீண்டு வருகின்றன. வாங்குகிறவருக்கு அவை கண்ணில் படுவதில்லை. அவற்றைக் காட்டும் பதிவேடு எதுவும் நாட்டில் இல்லை.

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஆங்கிலச் சட்ட வாசகங்களில் 'டைட்டில்' என்ற சொல் வரும்போதெல்லாம் தமிழில் 'உரிமை' என்று எழுதுவதா, 'உடைமை' என்று எழுதுவதா என்ற கேள்வி எழும். உடைமை என்பது கையில் இருப்பது. உரிமை என்பது பிறர் ஒப்புக்கொள்ள வேண்டியது. உழைப்பாளி மக்களுக்கும் சொத்துடைய வர்க்கத்துக்கும் இடையிலுள்ள தொலைவு இவ்விரண்டு சொற்களுக்கு இடையிலும் இருக்கிறது. பயன்படுத்தாத நிலத்துக்கும், பார்த்தே இராத பங்குகளுக்கும் காகிதத்தில் உரிமை வைத்திருப்பவர்கள் நிறைந்த நாடு இது. விடியற்காலையில் எஞ்சினின் கயிற்றை இழுத்து முடுக்கும் மீனவரிடம் இருப்பதோ உடைமை மட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 113ஆம் பிரிவு, ஒருவர் கையில் இருக்கும் பொருள் அவருடையதன்று என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது. பழைய சட்டத்தின் 110ஆம் பிரிவுதான் இது, நல்ல பிரிவு. ஆனால் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவோ, விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்குப் பொதுவாக வராது என்கிறது. இதற்கு மேல், திருட்டுப் பொருளைத் தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ பெற்றால் தண்டனை என்கிறது நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு. திருடப்பட்டது என்று ஐயுறும் பொருளைக் கைப்பற்றும் அதிகாரத்தை நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு காவல்துறைக்குத் தருகிறது. நீதிமன்றத்தில் நமது மீனவருக்கு 113ஆம் பிரிவு துணை நிற்கலாம். நள்ளிரவில் சரக்கு ஆட்டோவில் எஞ்சினை ஏற்றி வருகையில் வழிமறிக்கும் காவலரிடம் அந்தப் பிரிவு பேசுவதில்லை; 106 பேசுகிறது. எஞ்சின் திருட்டு கடற்கரைகளில் மெய்யாகவே நடக்கிறது என்பதும் உண்மை. திருட்டால் எஞ்சினை இழந்தவரும் மீனவரே, ஐயத்துக்கு ஆளாகிறவரும் மீனவரே. பதிவேடு இல்லாமையால் இருவரும் நட்டப்படுகிறார்கள்.

எஞ்சினின் தொடர் எண், படகின் பின்பலகையில் அதைப் பிணைக்கும் தாங்கியில் ஒரு சிறு தகட்டில் இருக்கும். உப்புநீர் முதலில் அரிப்பது அப்படிப்பட்ட இடங்களைத்தான். சில ஆண்டுகளில் எண் தேய்கிறது. அதன்பின் இயந்திரத்தைக் காகிதத்தோடு இணைக்கும் ஒரே கண்ணியும் போய்விடுகிறது.

இதனால் இழப்பது வெறும் மன நிம்மதி மட்டுமன்று. கேரளத்துச் சிறு வள்ளங்களின் எஞ்சின்களில் பெரும்பாலானவை பெட்ரோலில் முடுக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடுபவை. மானிய விலை மண்ணெண்ணெய்க்கான பெர்மிட், எஞ்சினைப் பார்த்துத்தான் வழங்கப்படுகிறது. மீன்வளத்துறை, குடிமைப்பொருள் வழங்கல் துறை, மத்ஸ்யஃபெட் ஆகியவை கூட்டாகக் கடற்கரையில் ஆய்வு நடத்தி, எஞ்சினின் எண்ணையும் வயதையும் சரிபார்க்கின்றன. பிற மாநிலத்தில் வாங்கிய பழைய எஞ்சினின் வயதை, உரிய சீட்டு இல்லாமல் எப்படி மெய்ப்பிப்பது? பெர்மிட் இல்லையென்றால் வெளிச்சந்தை எரிபொருள். எரிபொருளே கடல்தொழிலின் பெருஞ்செலவு என்பதால், காகிதம் இல்லாத எஞ்சின் என்பது ஒவ்வொரு நாளும் கூலியிலிருந்து பிடித்தம் செய்யும் எஞ்சின்.

அந்தப் பெர்மிட்டையும் வெறுஞ்சீட்டாக்கும் வேலையை ஒன்றிய அரசு செய்துவருகிறது. பொது விநியோக மண்ணெண்ணெயின் விலையை 2016 முதல் சிறு சிறு தவணைகளாக ஏற்றி, 2020இல் மானியத்தையே துடைத்தெடுத்தது. மாநிலங்களின் ஒதுக்கீட்டையும் வெட்டிக்கொண்டே வந்தது. வீட்டு விளக்குக்கும் அடுப்புக்கும் மாற்று வந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். வள்ளத்துக்கு என்ன மாற்று வந்தது?

சட்டம் இயற்றுவது யார் பொறுப்பு என்று கேட்டால் கோப்பு அங்குமிங்கும் போகும். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆட்சிக்கடலுக்கு அப்பாலுள்ள மீன்பிடிப்பும் கடல்வழிக் கப்பல் போக்குவரத்தும் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. இயந்திரத்தால் இயங்கும் வாகனங்கள் பொதுப்பட்டியலில் வருவதால்தான் மோட்டார் சைக்கிளுக்கு நாடு முழுவதும் ஒரே படிவம் கிடைத்தது. அவுட்போர்டு எஞ்சினோ கப்பலும் இல்லை, வாகனமும் இல்லை, மீனும் இல்லை. மீன்பிடிப் படகின் பதிவுச் சான்றில் எஞ்சினின் விவரம் ஒரு வரியாக வரும். 'ரியல்கிராஃப்ட்' என்ற இணையப் பதிவு முறையிலும் அப்படியே. படகோடு இருக்கும் வரை அந்த ஒரு வரி அதற்கு உண்டு. படகிலிருந்து கழற்றிய நொடியில் எஞ்சின் சட்டத்தின் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. வரி என்று வரும்போது மட்டும் நினைவு வருகிறது: மீன்பிடிக் கலத்தில் பொருத்தப்படும் எஞ்சின் கலத்தின் உறுப்பே, அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி என்று 2018 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டார்கள். குறைந்த விகிதம் கிடைத்தது நல்லதே. உறுப்பு என்று ஒப்புக்கொண்டவர்கள், அந்த உறுப்பு ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்கு, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போனால் என்ன செய்வது என்று ஒரு வரி எழுதவில்லை.

முடியாத காரியம் என்று எவரும் சொல்ல வேண்டாம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அவுட்போர்டு மோட்டாருக்கெனப் படகிலிருந்து தனியாகவே உரிமைச் சான்று வழங்குகிறார்கள். அங்கு அது பெரும்பாலும் ஓய்வுநாள் தூண்டிற்காரர்களின் பொழுதுபோக்குப் படகுக்கு. இங்கோ அது உலைநீர் கொதிப்பதற்கு.

நம் நாட்டிலும் வேண்டியவர்களுக்குச் சட்டம் விரைவாகவே வளைந்து கொடுக்கிறது. 2021இல் நிறைவேறிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம், ஒரு மாநிலத்தில் பெற்ற பதிவுச் சான்று நாடெங்கும் செல்லும் என்று அறிவித்தது. ஆற்றில் ஓடும் சொகுசுக் கப்பலின் முதலாளி மாநிலத்துக்கு மாநிலம் அலைய வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய புதிய வணிகக் கப்பல் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. இந்தியக் கப்பல் என்று பதிவு செய்வதற்கான உடைமை நிபந்தனைகளை அது தளர்த்தியிருக்கிறது. குத்தகைக்கு எடுத்து, தவணை முடிந்தபின் உரிமையாக்கிக்கொள்ளும் கப்பலையும் பதிவு செய்ய இடம் தருகிறது. அதாவது, இன்னும் முழுவிலை கொடுக்காத, இன்னும் தமதாகாத கப்பலுக்கு முதலாளி பதிவு பெறலாம். முழுவிலையையும் கையில் எண்ணிக் கொடுத்து வாங்கிய 9.9 குதிரைத்திறன் எஞ்சினுக்கு மீனவர் பதிவு பெற முடியாது. 'ஒரே நாடு, ஒரே சந்தை' என்ற முழக்கத்தின் உட்பொருளை இதைவிடத் தெளிவாக விளக்க இயலுமா என்று தெரியவில்லை. நாடு முழுவதும் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்று சாசனத்தின் 301ஆம் பிரிவு சொல்வது மூலதனத்துக்கு மட்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

நம் அணிகளுக்குள்ளேயே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். பதிவு என்றாலே கண்காணிப்பு. இன்று எஞ்சினுக்குச் சான்று கேட்டால் நாளை அதையே காட்டிக் கட்டணமும் அபராதமும் வசூலிப்பார்கள். சிறு மீனவர்களைக் கடலிலிருந்து விரட்ட உரிமத்தையே கருவியாக்குவார்கள் என்பது அந்த மறுப்பு. 2021இல் கடல்மீன்வள மசோதாவுக்கு எதிராகக் கரையெங்கும் எழுந்த எதிர்ப்பை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த ஐயத்தைத் தள்ளிவிட முடியாது. ஆயினும், தொழில் செய்ய அனுமதி கேட்கும் உரிமம் வேறு, உழைத்து வாங்கிய கருவி என்னுடையது என்று அரசை ஒப்புக்கொள்ள வைக்கும் பதிவு வேறு. முன்னதை எதிர்ப்பவர்கள் பின்னதைக் கோருவதில் முரண்பாடு இல்லை.

மேற்கு வங்கத்தில் 1978இல் தொடங்கிய 'ஆபரேஷன் பர்கா'வை இங்கு நினைக்க வேண்டும். குத்தகை விவசாயிகளுக்கு அது நிலத்தைச் சொந்தமாக்கவில்லை. அவர்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதியது, அவ்வளவே. 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் ஏறியபின் வெளியேற்றம் எளிதல்லாமல் போயிற்று. எழுதிய முறையும் முக்கியமானது. விவசாயி அலுவலகப் படியேறிக் காத்திருக்கவில்லை. அதிகாரிகள் கிராமத்துக்குப் போய் மாலைநேர முகாம்களில், நிலவுடைமையாளரின் பார்வைக்கு அப்பால், பலர் கூடியிருக்கும் இடத்தில் கேட்டு எழுதினார்கள். சங்கம் பக்கத்தில் நின்றது. காகிதத்தை யார் எழுதுகிறார்கள், எங்கே உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்பதில் இருக்கிறது அதன் வர்க்கத்தன்மை.

கடற்கரையிலும் அதுவே வேண்டும். எஞ்சினுக்குத் தனிப் பதிவெண்ணும் கட்டணமில்லாத உரிமைச் சான்றும், வேறு மாநிலத்துக்கு விற்கையில் கூடவே செல்லும் தடையின்மைச் சான்றும் ஒன்றியச் சட்டத்தில் இடம்பெற வேண்டும். தரகர் பெயரில் சீட்டு இருக்கும் எஞ்சின்களுக்கு, ஓட்டுபவரின் பெயரைப் பக்கத்து வள்ளத்தாரின் சாட்சியத்தின்மேல் எழுத வழி வேண்டும். இதை விட்டுவிட்டுப் பற்றுச்சீட்டை மட்டுமே ஆதாரமாகக் கொள்ளும் பதிவு வந்தால், அது தரகரின் பிடியைச் சட்டமாக்குவதில் போய் முடியும். மண்ணெண்ணெய் ஆய்வு நடக்கும் அதே நாளில், அதே கரையில் இந்தப் பதிவும் நடக்கலாம். ஆளும் மேசையும் ஏற்கெனவே அங்கு வருகின்றன.

சட்டம் வரும் வரை மீனவர் பகுதிகளில் வேலை செய்யும் நமது கிளைகள் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. மாநிலம் கடந்து எஞ்சின் வாங்கும் உறுப்பினருக்கு முத்திரைத்தாளில் விற்பனை ஒப்பந்தம் எழுதித் தரலாம். தயாரிப்புப் பெயர், குதிரைத்திறன், தொடர் எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். விற்பவரின் மீனவர் அடையாள அட்டைப் படியும், முதல் பற்றுச்சீட்டு இருந்தால் அதுவும் இணைய வேண்டும். விற்பவரின் ஊர்ச் சங்கத்திலிருந்து கடன் பாக்கி இல்லை என்ற கடிதம் பெற வேண்டும். விற்பவரின் படகுப் பதிவில் அந்த எஞ்சின் இருந்தால் நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கச் செய்ய வேண்டும். வாங்கியவர் படகின் பதிவில் சேர்க்க வேண்டும். தகடு தேய்வதற்கு முன், மோட்டார் வாகன அலுவலகத்தில் அடிச்சட்ட எண்ணை எடுப்பதுபோல், தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தொடர் எண்ணைப் படியெடுத்து, ஒன்றை வாங்கியவரிடமும் ஒன்றை விற்றவரிடமும் மூன்றாவதைச் சங்க அலுவலகக் கோப்பிலும் வைக்க வேண்டும்.