72 என்னும் எண்

இராணுவத் துப்பாக்கியின் சிற்றுறுப்புக்கும் 13 இலக்க எண் ஒன்று உண்டு. நேட்டோ முறைப்படி முதல் 4 இலக்கங்கள் பொருளின் வகுப்பைக் குறிப்பன. 30 மில்லிமீட்டர் வரையிலான துப்பாக்கி வகுப்பு 1005. அடுத்த 2 இலக்கங்கள் எண் வழங்கிய தேசத்தைக் குறிப்பன: அமெரிக்காவுக்கு 00, 01, பிரிட்டனுக்கு 99, இந்தியாவுக்கு 72. எஞ்சிய 7 அப்பொருளுக்கே உரியவை.

ஆனால், அவ்வெண் பொருளைச் செய்த பட்டறையைச் சொல்லாது என்பதை நம்மவர் மறக்கலாகாது. அன்னியர் வரைபடப்படி சேலத்தில் கடைந்த உறுப்பும் அன்னிய தேசத்தின் எண்ணையே தாங்கக் கூடும்.

2019-ல் ஆரம்பிக்கப்பட்ட தமிழகப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு கேந்திரம். சேலம், நாமக்கல் பட்டறைகளுக்குக் கூலி வேலை கிடைப்பதோடு நாம் திருப்தியடைவது தகாது. வரைபடமும் நமதாக வேண்டும். கை நமதாயினும் அறிவு அன்னியருடையதாயின், அது சுதேசியம் ஆகுமா? 72 என்னும் எண்ணை உழைத்துப் பெறுவோமாக!